ஒரு கட்டத்தை மறைத்தால் நான்கு கட்டங்கள் போகும்

"எங்கள் அமைப்பின் சேவை விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி டாஷ்போர்டு (எண்களைப் படங்களாகவும் அட்டவணைகளாகவும் காட்டும் இணையத் திரை) போட வேண்டும். எந்த மென்பொருள் நல்லது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மென்பொருளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு தாளில், காட்ட நினைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: அதை யார் பார்ப்பார், பார்த்துவிட்டு எதை மாற்றுவார். இரண்டாவதற்குப் பதில் இல்லாத எண்ணை அடித்துவிடலாம். முதல் பதிப்புக்கு ஐந்தாறு எண்கள் போதும். அவை எந்தப் பதிவேட்டிலிருந்து வருகின்றன, யார் எந்தத் தேதியில் புதுப்பிப்பார், எண்ணுவது ஆட்களையா வருகைகளையா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். 45 பேர் 120 முறை வந்திருந்தால், ஒரு படத்தில் 45-ம் அடுத்ததில் 120-ம் வரும், பார்ப்பவர் குழம்பிப்போவார்.

இனி, பெரும்பாலோர் கடைசி நாளில் யோசிக்கும் விஷயம். சிறிய எண்கள் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை தவறு. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும், அமெரிக்கர்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிஞர் லட்டான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அமெரிக்காவின் மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) தரவுகளில் 1 முதல் 10 வரையுள்ள எண்ணிக்கைகளை வெளியிடுவதில்லை.

உங்கள் வரம்பு 5, அதாவது 1 முதல் 4 வரையுள்ள எண்ணைக் காட்டுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆலோசனை பெற்றவர்கள் நான்கு வட்டாரங்களில் 24, 19, 14, 3, மொத்தம் 60. 3-ஐ மறைத்து நட்சத்திரக் குறி போடுகிறீர்கள். மற்ற மூன்றையும் கூட்டினால் 57. அறுபதில் கழித்தால் நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பது வெளியே வந்துவிடுகிறது. ஆகவே 14-ஐயும் துணைக்கு மறைக்க வேண்டும். இப்போது இரண்டும் சேர்ந்து 17 என்பது மட்டுமே தெரியும். சிறியது 1 முதல் 4 வரை எதுவாகவும் இருக்கலாம்.

அதே அட்டவணையில் வயதுவாரியாகவும் பிரித்து, இரு பக்கமும் மொத்தம் போட்டால் கணக்கு அழகாகிவிடுகிறது. ஒரு கட்டத்தை மறைத்தால் அதன் வரிசையில் ஒன்று, பத்தியில் (மேலிருந்து கீழே வரும் நிரலில்) ஒன்று துணை வேண்டும். அந்தத் துணைகளோ தத்தம் பத்தியிலும் வரிசையிலும் தனியாக நிற்கும், கழித்தால் வெளிப்பட்டுவிடும். அவை இரண்டும் சந்திக்கும் கட்டத்தையும் மறைத்தால்தான் வளையம் மூடும். ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள்! துணைக்கு 0 உள்ள கட்டத்தை எடுக்காதீர்கள். அந்த வட்டாரத்தில் அந்த வயதினர் யாரும் வருவதில்லை என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்.

அச்சிட்ட அறிக்கைக்கு இது போதும். டாஷ்போர்டில் வடிகட்டிகள் (தேதி, வட்டாரம் என்று பார்ப்பவரே தேர்ந்தெடுக்கும் வசதிகள்) இருக்கின்றனவே. ஜனவரி முதல் மார்ச் வரை 41, ஜனவரி முதல் பிப்ரவரி வரை 39. இரண்டு திரைகளும் தனித்தனியே விதியை மீறவில்லை, ஆனால் மார்ச்சில் புதிதாக வந்தவர்கள் இரண்டே பேர் என்பது தெரிந்துவிட்டது. விரும்பிய தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதியை விட்டுவிட்டு, மாறாத காலாண்டுகளை மட்டும் கொடுங்கள். சதவீதமும் இதே வேலையைச் செய்யும்: 60 பேரில் 5 சதவீதம் என்றால் 3 பேர்தானே. எல்லாவற்றையும்விட மோசமானது, திரையில் மறைத்துவிட்டு மூலப் பதிவுகள் முழுவதையும் பார்ப்பவரின் உலாவிக்கு (பிரவுசருக்கு) அனுப்பிவிடுவது. பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். வெளியே போகும் கோப்பில் ஏற்கெனவே தொகுத்து, மறைத்து முடித்த அட்டவணை மட்டுமே இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். உருவாக்கப் பணம் தருகிறார்கள். காலாண்டுதோறும் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்குத் தருவதில்லை. திட்டத் தாளில் அதையும் ஒரு செலவாக எழுதிக் கேளுங்கள். வெளியிடுவதற்கு முன், இதில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் திரையையும் ஒரு கால்குலேட்டரையும் கொடுத்து, நட்சத்திரங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாலும் வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவையுங்கள்.