ஆசாரியின் மோதிரம்

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை. படம் எடுக்கும் வேலை சித்தப்பாவான எனக்கு. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், ஆசாரியின் மோதிரத்தில் இருந்த கீறல்களைக்கூட எண்ணலாம். குழந்தையின் கண் மட்டும் மங்கல்.

கை ஆடியிருந்தால் படம் முழுவதுமே இழுபட்டிருக்கும். குழந்தை அசைந்திருந்தால் முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை. ஃபோகஸ் கண்ணில் விழாமல் மோதிரத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி லென்ஸின் வாய் முழுவதும் நுழைந்து, பின்பக்கம் கூம்பாகக் குவிகிறது. கூம்பின் நுனி, ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் மேல் உட்கார்ந்தால் புள்ளி புள்ளியாகவே விழும். கொஞ்சம் விலகினாலும் அது வட்டமாகிவிடும். வட்டம் மிகச் சிறிதாக இருக்கும்வரை நம் கண் அதைக் கூர்மை என்றே எடுத்துக்கொள்கிறது. ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள) சென்சாரில் 0.03 மி.மீ. வட்டம் வரை பரவாயில்லை என்பது வழக்கமான கணக்கு. அதன்படி, 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது) திறந்து 1 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. ஆசாரியின் கையோ முகத்துக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது.

எஃப் 8-க்குப் போனால் அந்த 4 செ.மீ. ஏறக்குறைய 18 ஆகும். அதற்காக எஃப் 22 வரை போகவும் முடியாது. சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும். எஃப் 22-இல் அந்தப் பரவலே ஒவ்வொரு புள்ளியையும் கிட்டத்தட்ட 0.03 மி.மீ. வட்டமாக்கிவிடும்!

சரி, என் கேமரா ஏன் மோதிரத்தைப் பிடித்தது? அதற்குக் குழந்தையும் தெரியாது, சடங்கும் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்புகளைத்தான் தேடும். பழைய சிறிய கேமராக்கள் லென்ஸை நகர்த்திக்கொண்டே, விளிம்பு எங்கே அதிகம் துலங்குகிறது என்று ஒப்பிட்டன. ரேடியோவில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவது மாதிரி. துல்லியம் உண்டு, ஆனால் மெதுவானது.

இன்னொரு வழி கெட்டிக்காரத்தனமானது. கட்டைவிரலை நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் மாறுவது போலத் தெரியும் இல்லையா? அதேபோல லென்ஸின் இடப்பாதி வழியாக வரும் பிம்பத்தையும் வலப்பாதி வழியாக வருவதையும் கேமரா தனித்தனியாகப் பார்க்கிறது. இரண்டும் பொருந்தினால் ஃபோகஸ் சரி. விலகியிருந்தால், விலகல் எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை வைத்தே லென்ஸ் நகரவேண்டிய திசையும் தூரமும் கிடைத்துவிடும். தடவித் தேட வேண்டியதில்லை. 1985-இல் மினோல்ட்டா 7000 இந்த முறையைக் கேமரா உடலுக்குள்ளேயே கொண்டுவந்தது. 2013-இல் கேனன் 70டி சென்சாரின் பிக்சல்களையே இரண்டாகப் பிளந்து இதே வேலையைச் செய்ய வைத்தது.

இரண்டு முறைக்குமே விளிம்பு வேண்டும். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டிப் பாருங்கள், லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தவிக்கும். பிக்சலை இடம் வலமாகப் பிளந்த கேமராக்களில் இன்னொரு வேடிக்கை: கிடைமட்டக் கோடு போட்ட துணி அவற்றைத் தடுமாற வைக்கும், ஏனென்றால் கிடைக்கோடு பக்கவாட்டில் நகர்ந்தால் நகர்ந்தது தெரியாது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இல்லாத கேமராவிடமே விட்டால், பெரும்பாலும் அருகில் பளிச்சென்று இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். மினுங்கும் தங்கத்தைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? ஒற்றைப் புள்ளியைக் கண்ணின் மேல் வைத்திருக்க வேண்டும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, பட்டனை அரை அழுத்தத்தில் பிடித்தபடி கேமராவைத் திருப்பும் பழக்கமும் கிட்டத்தில் கைவிட்டுவிடும். 1 மீட்டரில் 20 டிகிரி திருப்பினாலே ஃபோகஸ் 6 செ.மீ. பின்னால் போய்விடும், நமக்கு இருப்பதோ மொத்தம் 4. புள்ளியைத்தான் நகர்த்த வேண்டும், கேமராவை அல்ல.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். முதல் படத்தை அங்கேயே பெரிதாக்கிப் பார்த்திருந்தால், இரண்டாவது காதுக்காவது சரிசெய்திருப்பேன்.