கிராம சபையில் கையெழுத்துப் போடும் முன்

பக்கத்து ஊரில் ஓர் அம்மாவின் தெருவுக்குச் சிமென்ட் சாலை போட்டாயிற்று என்று ஊராட்சிக் கணக்கு சொல்கிறது. தெருவில் இன்னும் மண்தான். செலவுக்கு ஒப்புதல் தந்த கிராம சபைத் தீர்மானத்தின் கீழே அவர் கையெழுத்தே இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போனவர்களை வரிசையில் நிற்க வைத்து வாங்கியது. "இன்னிக்குப் போட்டாத்தான் நாளைக்கு வேலைன்னாங்க, போட்டேன்" என்றார்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தாக வேண்டும். 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்துக்காக ஆள் பிடிப்பது இதற்காகத்தான்.

"வீட்டு வரி பாக்கி இருக்கு, நீ பேசக்கூடாது" என்று வாயை அடைப்பார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆனால் அங்கே குடியிருந்துகொண்டு ஓட்டை வேறு ஊரில் வைத்திருப்பவர்கள் உறுப்பினர் இல்லை. கேள்வி கேட்பவர்களை முதலில் இதை வைத்துத்தான் மடக்குவார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

போனதும் படிவம் 30 எங்கே என்று கேளுங்கள். அதுதான் வரவு செலவுச் சுருக்கம், எல்லார் பார்வைக்கும் வைக்க வேண்டியது. சில ஊர்களில் அதை அச்சடித்த பிளக்ஸ் பேனரைச் சுருட்டி மூலையில் சாத்தியிருப்பார்கள், விரிக்கச் சொல்லுங்கள். தீர்மானங்களை எழுதி, வாசித்து முடித்த பிறகுதான் கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தில் மேலே வெற்றிடம் இருந்தால் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபையில் பதில் வராவிட்டால் அடுத்தது தகவல் உரிமைச் சட்டம், 2005. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போதும். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். பலர் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி மனுவையே வீணாக்குகிறார்கள். "சாலை ஏன் போடவில்லை" என்று கேட்காதீர்கள். "கேள்வி தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எஸ்டிமேட், பணி ஆணை, வவுச்சர், எம்.புக் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) ஆகியவற்றின் நகல் என்று ஆவணத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். எதற்கு என்று விசாரித்தால் காரணம் சொல்லத் தேவையில்லை, 6(2) பிரிவு. "எங்க ஆபீஸ் இல்லை" என்றால், உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை, உங்கள் வேலை இல்லை.

பெரிய பள்ளம் தேதியில் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். "அடுத்த வாரம் வாங்க, சார் லீவு" என்று அலையவிடுவதெல்லாம் இந்த நாட்களைத் தின்னத்தான். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

நகலைவிட நேரில் போய் ஆவணத்தைப் பார்ப்பது நல்லது, அதுவும் உரிமைதான், முதல் ஒரு மணி நேரம் இலவசம். எம்.புக்கில் சாலையின் நீளம், அகலம், கனம் எழுதியிருக்கும். குறித்துக்கொண்டு வந்து டேப் பிடித்துப் பார்க்கலாம்.

மண் தெருக்கார அம்மா, ஆவணத்தைப் பார்க்க வரச் சொன்ன அனுமதிக் கடிதத்தோடு போன அன்று, "புக் ஆடிட்டுக்குப் போயிருக்கு" என்றார்கள். "சரி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரத்தில் புத்தகம் பீரோவிலிருந்து வந்தது.