கரைந்த மலையின் முகவரி

ஆற்று மணல் இறுகி உருவான பாறையைக் காட்டி, "இந்த மணலைத் தந்த மலை இன்று இல்லவே இல்லை என்கிறீர்கள், அப்படியானால் அது எங்கே இருந்தது என்பது மட்டும் எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மணல் படிந்து, புதைந்து, சிலிக்காவோ சுண்ணமோ பசையாக ஊறிப் பாறையாகும் கதை பள்ளிப் பாடத்திலேயே உண்டு என்பதால், நேராக அவருடைய கேள்விக்கே வருகிறேன்.

முதலில் திசை. ஆற்றின் அடியில் நகரும் மணல்மேட்டில், மணல் நீரோட்டத்தை எதிர்கொள்ளும் பக்கமாக உருண்டு ஏறி, மறுபக்கம் சரிந்து விழுகிறது. சரிந்த அடுக்குகள் அப்படியே பாறைக்குள் சாய்கோடுகளாக நின்றுவிடுவதால், அவை சாயும் பக்கமே ஆறு ஓடிய பக்கம். ஆறு வளைந்து வளைந்து ஓடும் என்பதால் ஓரிடத்தில் அளந்தால் போதாது. பல இடங்களில் அளந்து சராசரி காண வேண்டும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மணற்பாறைகளில் புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1850களிலேயே இதைச் செய்தார். திசைகாட்டியும் நடக்கத் தெம்புள்ள கால்களும் மட்டுமே தேவைப்படும் இந்த வேலைக்கு நிதி கேட்டால் கிடைப்பது அரிது. விலையுயர்ந்த கருவிக்கோ எளிதில் கிடைத்துவிடுகிறது. என் பார்வையில் இது தலைகீழான கணக்கு, ஏனெனில் திசை தெரியாமல் கருவி தரும் எண்ணை எந்த மலையோடு பொருத்துவது?

ஆனாலும் திசை மட்டும் முகவரி ஆகாது. மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் எந்த மலையிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனிடையே அரிதாகக் கிடக்கும் சிர்க்கான் என்னும் படிகமே இங்கு சாட்சி. பாறையைப் பொடித்துக் கனமான திரவத்தில் இட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், சிர்க்கான் அடியில் தங்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளமே உள்ள அந்தத் துகள்களைப் பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து, லேசரால் நுண்குழி இட்டு, எழும் ஆவியை, அணுக்களை எடைவாரியாகப் பிரித்தளக்கும் நிறைமானியில் எடைபோடுகிறார்கள்.

எடைபோடுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத பகுதி. பாறைக்குழம்பில் சிர்க்கான் உருவாகும்போது, சிர்க்கோனியத்தின் இடத்தில் யுரேனியத்தைச் சிறிதளவு ஏற்றுக்கொள்கிறது. மின்னூட்டம் ஒன்றே, பருமனும் ஏறத்தாழப் பொருந்துகிறது. ஈயத்துக்கோ இரண்டுமே பொருந்தாததால், படிகம் அதை வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவே பிறந்த நாளில் அதனுள் ஈயம் இல்லை என்றே கொள்ளலாம். பின்னாளில் காணும் ஈயம், யுரேனியம் சிதைந்து உள்ளேயே உண்டானது. அதிலும் ஒன்றல்ல, யுரேனியத்தின் எடை மாறுபட்ட இரண்டு வகைகளும் (ஐசோடோப்புகள்) இரண்டு கடிகாரங்கள்: யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டுகளும், யுரேனியம்-235 பாதியாக சுமார் 70 கோடி ஆண்டுகளும் ஆகும். நூறு கோடி வயதுள்ள துகளில் முதலாவது ஏழில் ஒரு பங்கே கரைந்திருக்க, இரண்டாவது பாதிக்கும் மேல் தீர்ந்திருக்கும். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முரண்பட்டால் இடையில் ஈயம் கசிந்திருக்கிறது என்று அந்தத் துகளை ஒதுக்கிவிடலாம்.

இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட துகள்களை அளந்தால், மணலுக்குள் கலந்த மலைகளின் வயதுப் பட்டியல் கிடைக்கிறது. சிட்னியைச் சுற்றியுள்ள ஹாக்ஸ்பரி மணற்பாறை டிரயாசிக் காலத்து (சுமார் 25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) ஆறுகள் படியவைத்தது. அதன் சாய்வடுக்குகள் வடகிழக்கு நோக்கியே ஓட்டம் இருந்ததாகக் காட்டுகின்றன. துகள்களில் பெரும்பகுதி 50 முதல் 70 கோடி ஆண்டு வயதுடையவை. ஓட்டத்தை எதிர்த்துத் தென்மேற்காகப் போனால், அன்று ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்த அண்டார்க்டிகா வருகிறது. அங்கேயே அந்த மணலின் மூலத்தைத் தேடுகிறார்கள்.

ஆனால் சிர்க்கானின் உறுதியே அதன் குறையும்கூட. ஒரு மணற்பாறை அரிக்கப்பட்டாலும் அது அழியாமல் அடுத்த ஆற்றில் இறங்கிவிடுகிறது. கிழக்கு ஆஸ்திரேலியக் கடற்கரை மணலில் இன்றும் அதே வயதுள்ள துகள்கள் மிகுந்திருக்கின்றன. அவை அண்டார்க்டிகாவிலிருந்து நேற்று வந்தவை அல்ல, பழைய மணற்பாறைகளிலிருந்து கழன்றவை. ஆகையால் மணலில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் இன்னொரு கனிமத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அது எளிதில் களிமண்ணாகச் சிதைவதால், இத்தகைய மறுசுழற்சிகளைப் பெரும்பாலும் தாங்காது; அதிலுள்ள ஈய ஐசோடோப்புகளின் விகிதமோ தாய்ப்பாறையின் அடையாளத்தைத் தாங்கியிருக்கும். இரண்டு கனிமங்களும் ஒரே மலையைக் காட்டினால் தேடல் பெரும்பாலும் முடிந்தது. வெவ்வேறு மலைகளைக் காட்டினால், நடுவில் இன்னொரு மணற்பாறை இருந்து கரைந்திருக்கக்கூடும் என்று அதையும் தேடத் தொடங்க வேண்டியிருக்கும்.