எதிர்தரப்பு வக்கீலோடு டீ குடித்தால் விலை போய்விட்டாரா?

காலையில் எதிரெதிரே நின்று காரசாரமாக வாதாடிய இரண்டு வக்கீல்கள், பதினொன்றரை மணிக்கு கேன்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அதைப் பார்த்த கட்சிக்காரர் 'நம்ம ஆள் விலை போயிட்டார்' என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார். வருஷம் முழுக்க ஒரே கோர்ட்டில் புழங்குகிறவர்கள் பேசிக்கொள்ளத்தான் செய்வார்கள். பகை கட்சிக்காரர்களுடையது, அதைச் சுமக்க வக்கீலுக்கு யாரும் ஃபீஸ் கொடுப்பதில்லை. கண்ணை வைக்க வேண்டிய இடங்கள் வேறு. அங்கே யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

முதல் இடம் வக்காலத்து, அதாவது உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள். குமாஸ்தா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் அந்த அச்சடித்த தாளில், வழக்கை நடத்த மட்டுமல்லாமல் சமரசம் செய்ய, வாபஸ் வாங்க, கோர்ட்டில் கட்டிய பணத்தைப் பெற, ஆவணங்களைத் திரும்ப வாங்க என்று எல்லா அதிகாரமும் வரிசையாக இருக்கும். வேண்டாத வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கலாம். கட்சிக்காரரின் தெளிவான சம்மதம் இல்லாமல் அவர் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி வக்கீல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது. வெளியூர்க்காரர்களிடம் 'அவசரத்துக்கு உதவும்' என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கமும் உண்டு. போடாதீர்கள். மனுவையும் பிரமாண வாக்குமூலத்தையும் டைப் செய்த பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்திட ஒரு பஸ் பயணம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

அடுத்தது வாய்தா. 'வாய்தா வாங்கியே காசு பார்க்கிறார்கள்' என்ற வசவில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் யார் வாங்கிய வாய்தா என்று பார்க்காமல் திட்டக் கூடாது. நீதிபதி விடுப்பில் இருந்தால் தேதி தானாகத் தள்ளிப்போகும். பிரதிவாதியின் விலாசம் தப்பாக இருந்தால் சம்மன் சார்வாகாமல், அதாவது உரியவர் கையில் சேராமல் திரும்பும். பேட்டா, அதாவது சம்மன் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் கட்டணம், கட்டாமல் விட்டால் சம்மனே போகாது, இரண்டு மூன்று தேதி அப்படியே போனால் வழக்கே தள்ளுபடியாகும். பேட்டா சிறிய தொகைதான், அதைக் கட்ட மறந்து சொத்து வழக்கு கவிழ்ந்ததுண்டு. அசல் பத்திரத்தைக் கொண்டுவராத கட்சிக்காரராலும், குறுக்கு விசாரணைக்குப் பயந்து கூண்டேறாத கட்சிக்காரராலும் போகும் தேதிகள் வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளைப்படி, விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கிடையாது. தக்க காரணம் இருந்தால் கோர்ட் தளர்த்தும். இன்று தளர்வுதான் வழக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண் உண்டு. கோர்ட்டில் வழக்குக்கு நம்பர் போட்ட அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால், எந்தத் தேதியில் என்ன நடந்தது, அடுத்து எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். 'எதிருரைக்கு' (பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலுக்கு) என்ற வரியே மாதக்கணக்கில் மாறாமல் இருந்து, நீங்கள் பிரதிவாதியாகவும் இருந்தால், உடனே வக்கீல் ஆபீசுக்குப் போங்கள். சம்மன் கிடைத்த 30 நாளில் எதிருரை போட வேண்டும், கோர்ட் நீட்டித்தால் 90 நாள் வரை. போடாமல் விட்டால் உங்கள் பதிலைக் கேட்காமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யத் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. அதற்குப் பின் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு தனியாகப் போட வேண்டும், அதில் 'என் வக்கீல் சொல்லவில்லை' என்பது எல்லா நேரமும் எடுபடும் என்று சொல்ல முடியாது.

ஃபீஸ் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் 'கிடைப்பதில் இத்தனை சதவீதம்' என்று பேசுவதை வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடுக்கின்றன. நிலையான தொகையைப் பேசி, கோர்ட் கட்டணம், பேட்டா, டைப்பிங், நகல் செலவு ஆகியவற்றைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

வக்கீலை மாற்ற நினைத்தால் பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கி, மாற்று வக்காலத்து தாக்கல் செய்வது வழக்கம். அவர் மறுத்தால் கோர்ட்டில் அனுமதி மனு போடலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்த்துவைத்த கேள்வி இது. பாக்கி இருந்தால் அவர் அதற்குத் தனியே வழக்குப் போடலாம்.

புகார் கொடுக்க வேண்டி வந்தால், வக்கீல்கள் சட்டம் 1961, பிரிவு 35இன் கீழ் மாநில பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. கண்டனம், தற்காலிகத் தடை, பெயர் நீக்கம் ஆகியவைதான் தண்டனை, உங்கள் பணத்தை அங்கே வாங்கித் தர மாட்டார்கள். கேஸ் தோற்றது மட்டும் புகாராகாது. ரசீது, வாட்ஸ்அப் செய்தி, உத்தரவு நகல் இருந்தால்தான் நிற்கும்.

'இவனுக்கெல்லாம் ஒரு வக்கீலா?' என்ற கோபம் வேறு ரகம். அது வக்கீல்களுக்கே வந்ததும் உண்டு. வக்கீல்களோடு மோதிய போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன் விருப்பப்படி வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22ஆவது பிரிவில் இருக்கிறது, அதில் நல்லவனுக்கு மட்டும் என்று எழுதவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. உதவி எண் 15100. அப்படி நியமிக்கப்பட்டவர் உங்களிடம் ஒரு ரூபாய்கூட ஃபீஸ் கேட்கக் கூடாது. கேட்டால், அவரை நியமித்த அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.