வண்ணத்துப்பூச்சியா, பட்டாம்பூச்சியா?

பாலர் பள்ளிப் பிள்ளை ஒன்று ஓவியத் தாளை நீட்டி, "பட்டர்பிளைக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டால் சிங்கப்பூரில் நம் வீடுகளில் இரண்டு பதில்கள் வரும். அம்மா வண்ணத்துப்பூச்சி என்பார், தாத்தா பட்டாம்பூச்சி என்பார். யாழ்ப்பாணத்து வேருள்ள குடும்பமாக இருந்தால் வண்ணாத்திப்பூச்சி என்று மூன்றாவதும் வந்து சேரும். உடனே எது சரி என்று வாக்குவாதம். பிள்ளை கடைசியில் பட்டர்பிளை என்றே எழுதிவிட்டுப் போய்விடும். அந்த வாக்குவாதத்துக்குத் தேவையே இல்லை. வண்ணத்துப்பூச்சியும் பட்டாம்பூச்சியும் ஒன்றையே குறிக்கும் நல்ல தமிழ்ச் சொற்கள். எதை எழுதினாலும் சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் எப்படி உருவானது, எங்கே மற்றச் சொற்களோடு குழம்புகிறது என்று தெரிந்துகொண்டால் எழுதுவதில் தெளிவு வரும்.

முதலில் வண்ணத்துப்பூச்சி. இதில் இருப்பவை வண்ணம், அத்து, பூச்சி ஆகிய மூன்று. மரம் என்ற சொல்லோடு கிளையைச் சேர்க்கும்போது மரக்கிளை என்றும் சொல்கிறோம், மரத்துக் கிளை என்றும் சொல்கிறோம். இரண்டாவதில் 'ம்' விழுந்து, அந்த இடத்தில் 'அத்து' என்ற சாரியை வந்து உட்கார்கிறது. குளத்து மீன், நிலத்து மண் எல்லாம் இதே கணக்கு. வண்ணம் வண்ணத்து ஆனதும் அப்படித்தான். வண்ணம் உடைய பூச்சி, அவ்வளவுதான் பொருள். உகரத்தில் முடியும் 'வண்ணத்து' என்பதை அடுத்துப் பகரம் வருவதால் நடுவில் 'ப்' கட்டாயம் வேண்டும். 'வண்ணத்துபூச்சி' என்று எழுதிய அறிவிப்புகளையும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளையும் அடிக்கடி பார்க்கிறேன். ஓர் எழுத்துதான், ஆனால் வாய்விட்டுப் படித்தாலே அந்த 'ப்' தானாக வந்துவிடும். காதுக்குத் தெரிவதைக் கையும் எழுதலாமே.

வண்ணம் தூய தமிழா என்று கேட்பவர்களும் உண்டு. அதை வடமொழியின் 'வர்ண' என்ற சொல்லோடு சேர்ப்பவர்கள் ஒரு பக்கம், தமிழிலேயே வேர் காட்டும் தனித்தமிழ் அறிஞர்கள் மறுபக்கம். எப்படியிருந்தாலும் தொல்காப்பியம் செய்யுளின் ஓசை நடையைச் சொல்லும்போது 20 வண்ணங்களைப் பட்டியலிடுகிறது. அங்கே பொருள் நிறம் இல்லை, சந்தம். ஆனாலும் அத்தனை காலமாகத் தமிழில் புழங்கும் ஒரு சொல்லை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஆக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டாம்பூச்சியில் பட்டு இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. பட்டுப்போல் மினுமினுப்பும் மென்மையும் உள்ள பூச்சி என்று பொருள் கொள்வது வழக்கம். இந்தப் பெயர் எத்தனை பொருத்தம் என்பதை, சிறகைத் தொட்டுப் பார்த்த ஒவ்வொரு பிள்ளையும் அறியும். விரலில் மாவு மாதிரி ஒரு பொடி ஒட்டும். அது தூசி அல்ல, சிறகின் செதில்கள். கூரையில் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் நுண்ணிய செதில்கள்தான் அந்த நிறங்களையும் கோலங்களையும் தருகின்றன. செதில்கள் உதிர்ந்த இடத்தில் சிறகு கண்ணாடித்தாள் போல வெறுமையாகத் தெரியும். சிறகில் பளீரென்று மின்னும் நீலத்தில் பெரும்பாலும் நீலச் சாயமே கிடையாது. செதிலின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் நமக்கு நீலமாகத் தெரிகிறது. அறிவியலாளர்கள் இந்த இனத்துக்கே செதில், சிறகு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைக் கோத்து லெப்பிடாப்டெரா என்று பெயர் வைத்ததும் இதனால்தான். ஆகவே சிறகைப் பிடித்து விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உதிர்ந்த செதில் மறுபடி முளைக்காது.

பட்டாம்பூச்சி வேறு, பட்டுப்பூச்சி வேறு. பட்டு நூலைத் தரும் புழுவிலிருந்து வருவது பட்டுப்பூச்சி. அது அந்துப்பூச்சி (ஆங்கிலத்தில் மாத்) வகை. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முதல் மழைக்குப் பிறகு செம்மண்ணில் ஊர்ந்து வரும் வெல்வெட் போன்ற சிவப்புச் சிற்றுயிரையும் பட்டுப்பூச்சி என்பார்கள். சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது அதுதான். அதற்கு 8 கால்கள், சிறகே கிடையாது. இந்த மூன்றும் பட்டு என்ற ஒரே சொல்லை வைத்துப் பெயர் பெற்றவை. பறந்து பூவில் உட்காருவது பட்டாம்பூச்சி மட்டுமே.

வட்டார வழக்குகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் வண்ணாத்திப்பூச்சி, வண்ணத்திப்பூச்சி இரண்டும் கேட்கும். தமிழ்நாட்டில் சில பகுதிகளில் பாப்பாத்தி என்பார்கள். வண்ணாத்தியும் பாப்பாத்தியும் சாதிப் பெயர்களாகவும் ஒலிப்பதால் பொது எழுத்தில் இப்போது பலர் தவிர்க்கிறார்கள். பாட்டி வாயில் வரும்போது அதில் சாதி எதுவும் இல்லை, பூச்சிதான் இருக்கிறது. பாட்டியைத் திருத்தப் போக வேண்டாம்.

அக்கம்பக்கத்து மொழிகளும் அழகானவை. தெலுங்கில் சீதாகோக்கசிலுக்க: சீதை, சேலை, கிளி மூன்றும் சேர்ந்த பெயர். மலையாளத்தில் பூம்பாற்ற. நம் மலாய் அண்டை வீட்டார் ராம-ராம என்றும் குப்பு-குப்பு என்றும் சொல்வார்கள். சிலந்தியை லாபா-லாபா, மின்மினியை குனாங்-குனாங் என்பதுபோல, சிற்றுயிர்ப் பெயரை இரட்டித்துச் சொல்வது மலாயின் வழக்கம். ஆங்கிலத்தில் வெண்ணெயும் ஈயும் சேர்ந்து இந்தப் பெயர் ஏன் அமைந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள். நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்த நம் முன்னோர் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

பழைய இலக்கியத்தில் பூவைத் தேடி வருபவை வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு. குறுந்தொகையின் 2ஆம் பாடலில் 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' என்று அழைக்கப்படுவது தேன் தேடும் வண்டு வகை. இன்று தும்பி என்றால் நாம் தட்டானை நினைக்கிறோம். அதனால் பழம்பாடலில் தும்பியைக் கண்டதும் வண்ணத்துப்பூச்சி என்று உரை சொல்லிவிடுவது சரியல்ல.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் இடம்: அந்து. 2014ஆம் ஆண்டின் நடுவில் சிங்கப்பூர் முழுக்க, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் மின்தூக்கிக் கதவருகிலும் உள்ளங்கை அகலப் பழுப்புப் பூச்சிகள் வெள்ளைக் கோடு போட்ட சிறகை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தன. பலரும் பெரிய வண்ணத்துப்பூச்சி என்றே சொன்னார்கள். அவை லைசா சாம்பா என்ற அந்துப்பூச்சிகள். அட்லஸ் அந்துப்பூச்சியும் அவ்வப்போது குடியிருப்புப் பேட்டைகளில் தென்படும். உலகின் மிகப் பெரிய அந்துகளில் ஒன்றான அதற்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது சேர்த்ததை வைத்தே மிச்ச நாள்களை ஓட்டிவிடும்.

வேறுபாடு அறிய உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு அதன் நுனி தடித்துக் குமிழ் போல இருக்கும். அந்துக்கு இறகு போலவோ வெறும் நூல் போலவோ இருக்கும். சிறகைப் பரப்பியபடி சுவரோடு ஒட்டிக் கிடப்பது பெரும்பாலும் அந்து. மேலே மடித்துச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி. அந்து என்ற சொல் நமக்குப் புதிதல்ல. அரிசியில் அந்து விழுந்துவிட்டது என்கிறோம், அலமாரியில் அந்துருண்டை போடுகிறோம். விளக்கில் போய் விழுவதை விட்டில் என்கிறோம். இத்தனை நல்ல சொற்கள் கையில் இருக்கும்போது இரவுப் பூச்சியையும் பட்டாம்பூச்சி என்று ஒரே கூடையில் போடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

புழுப் பருவத்துக்கும் இதே கவனம் வேண்டும். தாழ்வாரத்தில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்காத தமிழ் வீடு குறைவு. ஒருநாள் பார்த்தால் இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், கூர்ந்து பார்த்தால் நகரும். சில நாளில் தோல் உரித்துத் தோல் உரித்துப் பச்சையாக, வழுவழுப்பாக, விரல் கணுவளவு ஆகிவிடும். முதுகுப் பக்கம் இரண்டு பெரிய கண்கள் தெரியும், அவை வெறும் கோலம். உண்மையான தலை கீழே ஒளிந்திருக்கிறது. குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவப்பு உறுப்பு ஒன்று சட்டென்று நீளும், காட்டமான வாடை அடிக்கும். இதைக் கம்பளிப்பூச்சி என்பது தவறு. கம்பளிப்பூச்சி என்றால் உடம்பெல்லாம் மயிர் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மயிர்க்கொட்டி என்பது அதைத்தான். இது மொழுமொழுவென்று இருக்கும் வெறும் புழு. அப்புறம் ஒரு தண்டில் இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல் கட்டிச் சாய்ந்து தொங்கும். அதைக் கூட்டுப்புழு என்கிறோம். அந்துகள் பலவற்றைப் போல இது நூலால் கூடு நூற்பதில்லை, கெட்டிப்பட்ட தோலே கூடு. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது, தாராளமாக எழுதலாம்.

அந்தப் புழு பெரும்பாலும் காமன் மோர்மன் என்ற வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். தமிழ்நாட்டு ஆர்வலர்கள் இதற்குக் கறிவேப்பிலை அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எருக்குச் செடியில் வளர்ந்து மஞ்சள்பழுப்பாகப் பறப்பது வெந்தய வரியன். சமையலறையையும் கோயில் எருக்கம்பூ மாலையையும் தொட்டு வரும் இந்தப் பெயர்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன, பாருங்கள். தமிழ்நாடு 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்ததற்குத் தமிழ் மறவன் என்று பெயர்.

சிங்கப்பூரில் 300க்கு மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன. 2015இல் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் நடத்திய பொது வாக்கெடுப்பில் காமன் ரோஸ் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வானது. கருஞ்சிறகு, அதில் வெள்ளைத் திட்டு, சிவந்த உடல். தேசியக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் அதில் இருக்கின்றன. ரோஜா அழகி என்ற தமிழ்ப் பெயரும் அதற்கு உண்டு. அதன் புழு தின்னும் கொடியில் நஞ்சு இருக்கிறது, அந்த நஞ்சு பூச்சியின் உடலிலும் தங்குவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, தப்பிப்பதற்காக ரோஜா அழகியின் கோலத்தையே பூண்டு பறக்கும். பூமலை எனும் தாவரவியல் பூங்காவிலோ உபின் தீவிலோ பார்த்தால் உடல் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்பு என்றால் ரோஜா அழகி, கறுப்பு என்றால் வேடம் போட்டது. வெளியே அலைய முடியாதவர்களுக்குச் சாங்கி விமான நிலைய 3ஆம் முனையத்தில், பயணிகள் பகுதிக்குள், 2008 முதல் ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டமே இருக்கிறது.

இனி, இந்தப் பூச்சி எதற்கெல்லாம் குறியீடாக நிற்கிறது என்பது. கிரேக்கத்தில் உயிருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் 'ப்சூக்கே' என்ற ஒரே சொல். சீனத்தில் இதன் பெயரில் உள்ள 'தியே' என்ற ஓசையும், 70, 80 வயது முதுமையைக் குறிக்கும் சொல்லின் ஓசையும் ஒன்றே. பூனையைக் குறிக்கும் 'மாவ்' ஓசையும் முதுமைக்கான இன்னொரு சொல்லுக்கு நெருக்கம். அதனால் பூனை வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கும் ஓவியத்தைப் பெரியவர்களுக்கு நீண்ட ஆயுள் வாழ்த்தாகக் கொடுப்பார்கள். சேர முடியாத லியாங், சூ காதலர் இருவரும் கடைசியில் இணை வண்ணத்துப்பூச்சிகளாகப் பறந்த கதையும் சீனர்களுடையதுதான். வீட்டுக்குள் வரும் பெரிய அந்துப்பூச்சியை, மறைந்த உறவினர் பார்க்க வந்திருக்கிறார் என்று எண்ணி விரட்டாமல் விடும் சீனக் குடும்பங்கள் இங்கே உண்டு. நம் பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் இதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

'வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறது' என்று இப்போது எங்கும் எழுதுகிறார்கள். இது ஆங்கிலத்திலிருந்து வந்த வழக்கு. அங்கே பதற்றத்துக்குச் சொல்வது, நம்மிடம் வந்து காதல் படபடப்புக்கு மாறிவிட்டது. காதலுக்கு அது பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் தேர்வுக்கோ மேடைப் பேச்சுக்கோ போகும் பிள்ளையின் பயத்தைச் சொல்ல நமக்கு ஏற்கெனவே வயிறு சார்ந்த சொற்கள் இருக்கின்றன. வயிற்றைக் கலக்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கட்டுரையில் அவற்றை எழுதும் மாணவருக்கு ஆசிரியர்கள் தயங்காமல் மதிப்பெண் கொடுக்க வேண்டும்.