ஆன்டிபயாடிக்: யாருக்கு யார் எதிர்ப்பு?

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் வெண்பன்றி வளர்க்கும் மாமா ஒருவர் எனக்கு உண்டு. தவிடு, புண்ணாக்கு, ஹோட்டல் மிச்சச் சோறு எல்லாவற்றோடும் ஏதோ ஒரு பொடியையும் தீவனத்தில் கலப்பார். "என்ன மாமா இது?" என்று கேட்டேன். "எதிர்ப்பு சக்திக்குடா, குட்டி நோவு இல்லாம வளரும்" என்றார். உறையைத் திருப்பிப் பார்த்தால் டெட்ராசைக்ளின். அது ஆன்டிபயாடிக், பாக்டீரியாவை மடக்கும் மருந்து; எந்தச் சக்தியையும் கூட்டாது. ஆனால் தப்பு மாமாவுடையது மட்டுமல்ல, சொல்லிலும் இருக்கிறது.

'ஆன்டி' என்றால் எதிர், 'பயோஸ்' என்றால் உயிர்வாழ்வு, இரண்டும் கிரேக்கம். ஓர் உயிர் இன்னோர் உயிரை அழித்துத் தான் வாழ்வதை 1889இல் ஒரு பிரெஞ்சு அறிஞர் 'ஆன்டிபயோசிஸ்' என்றார். 1940களில் ஆன்டிபயாடிக் என்ற சொல்லை மருந்துக்குப் பெயராக நிலைநிறுத்தியவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன். அவருடைய ஆய்வகத்தில் 1943இல் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது. கோடை மழையின் முதல் தூறலில் நம் வயலில் எழுகிற மண்வாசனைக்கும் பெரும்பாலும் இந்த இனமே காரணம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'எதிருயிரி' மூலச்சொல்லுக்கு நெருக்கம்தான், ஆனால் மருந்தையே ஓர் உயிர் என்று நினைக்க வைக்கும். 'நுண்ணுயிர்க்கொல்லி'யும் முழுக்கச் சரியில்லை: டெட்ராசைக்ளின் பெரும்பாலும் கிருமியைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்துகிறது. பாடப்புத்தகத்து 'நுண்ணுயிர் எதிர்ப்பி' பரவாயில்லை. ஒரு குறை உண்டு. வைரஸும் நுண்ணுயிர்தானே, அதனிடம் இந்த மருந்து பலிக்காது. பன்றிக் கூட்டத்தையே வாரிக்கொண்டு போகும் பன்றிக் காய்ச்சல் (மனிதருக்கு வருகிற 'ஸ்வைன் ஃப்ளூ' அல்ல) வைரஸ் நோய். அதற்கு இந்தப் பொடியைக் கொட்டுவது காசுக்குக் கேடு.

பெரிய குழப்பம் 'எதிர்ப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. உடம்பு நோயைத் தடுத்தால் நோய் எதிர்ப்பு. மருந்து கிருமியை மடக்கினால் எதிர்ப்பி. கிருமி மருந்துக்கு மடங்காவிட்டால் அதுவும் எதிர்ப்புத்திறன்! மூன்றுக்கும் ஒரே சட்டை. கடைசியதற்கு நம் ஊரிலேயே நல்ல வழக்கு உண்டு: "மருந்து கேட்கல." ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் நெல்லில் புகையான் பூச்சி அதற்குக் கேட்காமல் போவதை டெல்டா விவசாயி கண்ணால் கண்டவர். 'மருந்துக்குக் கேட்காத கிருமி' என்றால் அவருக்கு உடனே விளங்கும்.

நோய் இல்லாத பன்றிக்கும் தினம் கொஞ்சம் கொடுத்தால் இதுதான் நடக்கிறது. எடை கூடவென்று இப்படிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுதாக நிறுத்தியது. மனிதருக்குக் கடைசிக் கைப்பிடியாக வைத்திருக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். கிருமியை அதற்கு அடங்காமல் செய்யும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மரபணு ஒன்று சீனாவில் பன்றிகளிலும் பன்றிக்கறியிலும் நோயாளிகளிடமும் இருந்ததை 2015இல் அறிவித்தார்கள். உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது.

கறி சாப்பிடுகிறவருக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். கடைசி மருந்துக்கும் அறுப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்களை 'விலக்குக் காலம்' என்கிறார்கள். விலக்கு என்றால் நம் வீடுகளில் நினைப்பு வேறெங்கோ போகும். விஷம் இறங்கும் என்கிறோமே, அதுபோல 'மருந்து இறங்கும் காலம்' என்றே சொல்லலாம். மருந்துக்கு மருந்து இது மாறும்; சிலவற்றுக்குச் சில நாள், சிலவற்றுக்கு வாரக்கணக்கு. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், ஆனால் கறியில் தங்கிய மருந்து முழுக்கப் போய்விடாது.

மாமாவிடம் இதைச் சொல்லி, ஊசி போட்ட தேதியை எழுதி வைக்கச் சொன்னேன். "சரிடா" என்று தினசரிக் காலண்டரில் அன்றைய தாளிலேயே குறித்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.