மண் இருந்திட்டுது

நாங்கள் வீடு கட்டத் தொடங்கிய நேரம். கனகராயன் ஆற்று மண், உழவு மிசின் பெட்டியில் வந்து இறங்கியது. வேலிக்கரையில் குவித்துவிட்டுப் படுத்தோம். அன்றிரவு ஐப்பசி மழை ஊற்றித் தள்ளியது. விடிய எழும்பிப் பார்த்தால் குவியல் சிறுத்துக் கிடக்கிறது. அம்மாவுக்கு உடனே கள்ளர் நினைவுதான். "ராத்திரி ஆரோ அள்ளிப்போட்டாங்கள்" என்றா. மேசன் அண்ணை சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து குவியலைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரும் அள்ளேல்லை அம்மா. மண் இருந்திட்டுது."

குவியல் அமுங்கிவிட்டது என்கிறார். அவர் சொன்னது சரி. முதல்நாள் நாங்கள் காசு கொடுத்து இறக்கிய பெட்டியில் மண்ணோடு நிறையக் காற்றும் வந்திருந்தது.

கொஞ்சம் ஈரம் பட்டால் மண் உப்பும், அதாவது பருமன் கூடும். (கடல் மண்ணில் இருக்கிற உப்பைச் சொல்லவில்லை. அது வேறு தலையிடி.) தண்ணீர் சேர்ந்தால் அளவு கூடத்தானே செய்யும் என்று தோன்றும். ஒருக்கால் கணக்குப் பாருங்கள். காய்ந்த ஆற்று மண் 100 கிலோ ஏறக்குறைய 62 லீற்றர் இடம் பிடிக்கும். அதிலும் 24 லீற்றர் அளவு மணிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடம். அதற்குள் 5 லீற்றர் தண்ணீர் ஊற்றிப் பிசறினால், தண்ணீர் அந்த வெற்றிடத்துக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். ஆனால் திரும்ப அளந்தால் 77 லீற்றர் நிற்கும். ஊற்றியது 5, கூடியது 15.

காரணம் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை. ஈரம் கொஞ்சமாக இருக்கும்போது ஒவ்வொரு மணியையும் மெல்லிய நீர்ப்படலம் போர்த்தியிருக்கும். இரண்டு மணிகள் தொடும் இடத்தில் அந்த நீர் குட்டிப் பாலம் போல நின்று இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். காய்ந்த மணி என்றால் உருண்டு போய்ப் பக்கத்துக் குழிக்குள் விழுந்துவிடும். ஈரமணியோ விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கீழே குழி திறந்தபடியே கிடக்கும். பெட்டி முழுக்க இப்படி ஆயிரமாயிரம் நிரம்பாத குழிகள்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் பிள்ளைகள் ஈரமண்ணில் வீடு கட்டுவது இந்தப் பாலங்களின் தயவில்தான். அலை வந்து மூடினால் வீடு கரைந்து போகிறதே, அதுவும் இதே கதை. மணிகளுக்கு நடுவே தண்ணீர் முழுதாக நிரம்பிவிட்டால் பாலமும் இல்லை, இழுவையும் இல்லை. மணிகள் வழுக்கிக் குழிகளை நிரப்பும். தண்ணீரில் முழுதாக மூழ்கிய மண் ஏறக்குறையக் காய்ந்த மண்ணின் அளவுக்கே திரும்பிவிடும். எங்கள் குவியலுக்கு அந்த இரவு நடந்தது இதுதான்.

உப்பல் உச்சத்துக்குப் போவது ஈரம் எடையில் 4 முதல் 6 வீதம் இருக்கும்போது. சாதாரண மண் அப்போது 20, 30 வீதம் கூடும். மா மாதிரி நைசான மண் 40 வரை போகும், பருமண் அவ்வளவுக்கு இல்லை. சல்லியை எவ்வளவு நனைத்தாலும் உப்பாது. அந்தக் கல்லின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு நீர்ப்பாலத்துக்குப் பலம் காணாது.

சரி, இதனால் கொங்கிறீற்றுக்கு என்ன? 2012 இல் இந்திய அரசின் உதவியோடு இலங்கையின் வடக்கு கிழக்கில் தொடங்கிய பெரிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை தவணையாக வந்தது. சாமான் வாங்கியதும் கட்டுவித்ததும் வீட்டுக்காரர்தான். அதனால் சீமெந்து ஒன்று, மண் இரண்டு, சல்லி நாலு என்ற 1:2:4 கலவை வன்னியில் பலருக்கும் மனப்பாடம். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று 35 லீற்றர் என்றால் மண் 70 லீற்றர், சல்லி 140. அந்த 70 லீற்றரை 25 வீதம் உப்பிய மண்ணால் அளந்தால் உண்மையில் விழுவது 56 லீற்றர்தான். 1:2:4 என்று நினைத்துக்கொண்டு 1:1.6:4 குழைக்கிறீர்கள். சல்லிக்கு நடுவே நிரப்ப மண் காணாமல் போகும். பலகை கழற்றும்போது தூணில் தேன்வதை மாதிரி ஓட்டை தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைச் சரிக்கட்ட 87.5 லீற்றர் ஈரமண் போடவேண்டும். ஆனால் அந்த மண்ணுக்குள்ளேயே ஐந்தரை லீற்றருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. பைக்கு 25 லீற்றர் என்று வழமைபோல வாளியால் ஊற்றினால் மொத்தம் 30 தாண்டும். கலவை இளகும், காய்ந்த பிறகு பலம் குறையும். என்னைக் கேட்டால் மண் குறைவதைவிட இந்தத் தண்ணீர்தான் கூடுதல் ஆபத்து. கலவை வழுவழுவென்று தாச்சியில் இருந்து இறங்கும்போது ஒருவரும் குறை சொல்வதில்லை.

எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. அடி தட்டையாகவும் சுவர் நேராகவும் உள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்று போதும். ஈரமண்ணைத் தட்டாமல், அமுக்காமல் மூன்றில் இரண்டு பங்குக்குப் போட்டு மேலே மட்டம் பண்ணி உயரத்தை அளவுங்கள். 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். மண்ணைக் கடதாசியில் கொட்டிவிட்டு, போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அதே மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டுக் கம்பியால் கிண்டுங்கள். குமிழி வருவது நின்றதும் பாருங்கள், மண் 16 சென்ரிமீற்றரில் இருக்கும். 20 ஐ 16 ஆல் வகுத்தால் 1.25. அதாவது 25 வீத உப்பல். மண் அளக்கும் பெட்டிக் கணக்கை அந்த 1.25 ஆல் பெருக்கினால் முடிந்தது.

மண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஆடி ஆவணி வெயிலில் குவியலின் தோல் வெளிறிக் காய்ந்திருக்கும், ஒரு முழம் தோண்டினால் உள்ளே கறுத்த ஈரம். காலையில் மேல் மண், மத்தியானம் உள் மண் என்று அள்ளினால் ஒரே பெட்டி இரண்டு அளவு காட்டும். எங்கள் மேசன் அண்ணை குழைக்க முதல் மண்வெட்டியால் குவியலைப் புரட்டிப் போட்டுவிட்டு ஒரு வெத்திலை போடுவார். அவர் சும்மா நேரம் கடத்துகிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.